பச்சைப் புள்ளிகளும் ஒரு குருன்சிக்காரியும்

லெங்காரோவில் யாருக்கும் எந்த நோயும் கிடையாது. தலைநகர் வாகாடூகுவின் சுகாதார அலுவலகச் சுவரில் மாட்டியிருந்த வரைபடம் அப்படித்தான் சொன்னது. ஆறு மாதமாக அந்த ஊர்க் கர்ப்பிணிகள் அத்தனை பேரும், ஆளுக்கொரு பச்சைப் புள்ளியாக, கீரைப் பாத்தி மாதிரி செழித்துக் கிடந்தார்கள். ஒருத்திக்கும் தலை வலிக்கவில்லை. ஒருத்திக்கும் கால் வீங்கவில்லை. பிள்ளையைச் சுமப்பதே அவர்களுக்குத் தொப்பி போட்டுக்கொள்வது போலத்தான் என்று வரைபடத்தைப் பார்த்தவர்கள் நினைத்திருக்க வேண்டும்.

அதனால்தான் கடிதம் வந்தது. "தங்கள் ஊரின் மிகச் சிறப்பான நிலையைப் பாராட்டுகிறோம். எனவே வரும் மாத இறுதியில், மூன்று சக்கர ஆம்புலன்ஸ் வண்டியைத் தேவை அதிகமுள்ள வேறோர் ஊருக்கு மாற்றத் தீர்மானித்துள்ளோம்."

பிரசவம் பார்க்கும் நர்ஸ் பிலோமென் பாசியே கடிதத்தை இரண்டு தடவை மனதுக்குள் படித்தாள். மூன்றாவது தடவை இசாக்காவுக்குக் கேட்கும்படி உரக்கப் படித்தாள்.

"பாராட்டுறாங்கக்கா," என்றான் இசாக்கா லிங்கானி.

"ஆமா. சிரிச்சுக்கிட்டே பல்லப் புடுங்குறாங்க."

மாவட்ட ஆஸ்பத்திரி இருபத்திரண்டு கிலோமீட்டர். செம்மண் சாலை. மூன்று சக்கர வண்டியில் முக்கால் மணி நேரம். கழுதை வண்டியில், கழுதைக்கு மனசிருந்தால், ஐந்து மணி நேரம். அந்த நாலேகால் மணி நேர வித்தியாசத்தில் எத்தனை பேர் போய்ச் சேருவார்கள் என்று பிலோமெனுக்குத் தெரியும். வண்டி வருவதற்கு முந்தின வருடத்தில் போய்ச் சேர்ந்த மூன்று பேரின் பெயரும் தெரியும்.

இசாக்காதான் அந்த வண்டியை ஓட்டுபவன். வீடு வீடாகப் போய், டேப் என்கிற கைக்கணினியை வைத்துக் கேள்வி கேட்பவனும் அவனே. முப்பது வயது, அந்த ஊர்ப் பிள்ளை. அவனைப் போல மரியாதை தெரிந்த ஆள் அந்த வட்டாரத்திலேயே கிடையாது. சிக்கலே அதுதான்.

அந்த டேப்பில் இருந்த செயலி எப்படி வேலை செய்கிறது என்று முதலில் பார்த்துவிட வேண்டும். பார்த்தால்தான் கோளாறு புரியும். அதில் பன்னிரண்டு கேள்விகள். தலை வலிக்கிறதா, கண் மங்குகிறதா, முகம் வீங்குகிறதா, இப்படி. ஒன்றுக்காவது 'ஆமாம்' என்று அழுத்தினால் அடுத்த கதவு திறக்கும். அதாவது, கூடவே கொடுத்திருக்கிற பிரஷர் பார்க்கும் பட்டை உயிர் பெற்று 'உர்' என்று காற்றை இழுக்கும். பன்னிரண்டுக்கும் 'இல்லை' என்றால் பட்டை திறக்காது. அதன் பொத்தானைப் பகல் முழுக்க அமுக்கினாலும் செத்த பல்லி மாதிரிக் கிடக்கும். பேட்டரியை மிச்சம் பிடிக்க இந்த ஏற்பாடு. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான். கேள்விக்கு உண்மையான பதில் வரும் என்கிற ஒரே ஒரு நம்பிக்கையில் மொத்த மாளிகையும் நின்றது.

இனி கேள்வி கேட்கிற விதம். டேப்புக்குள் ஒரு பெண் ஊர்ப் பேச்சான பிஸா மொழியில் பேசுவாள். நல்ல குரல், வானொலிக் குரல். அவள் மரியாதையாக ஆரம்பிப்பாள். விடிஞ்சது எப்படி? வீடு எப்படி? வீட்டுக்காரர் எப்படி? பிள்ளைகள் எப்படி? உடம்பு எப்படி? ஒவ்வொன்றுக்கும் பதில், "சுகந்தான்." வீடு இடிந்து விழுந்து, வீட்டுக்காரர் அதற்கடியில் கிடந்தாலும் பதில் "சுகந்தான்." அது பதில் இல்லை, வணக்கம். வணக்கம் முடிந்து, தண்ணீர் கொடுத்து, வந்தவர் குடித்து, சுரைக்குடுவையைக் கீழே வைத்த பிறகு, "சரி, என்ன சேதி?" என்று கேட்பார்கள் பாருங்கள், அப்போதுதான் நிஜம் வெளியே வரும்.

வானொலிப் பெண்ணுக்குத் தாகமே எடுக்காது. அவள் வணக்கம் சொன்ன அதே மூச்சில், "தலைவலி எப்படி?" என்பாள். கர்ப்பிணி அதையும் வணக்கத்தின் வாலாக எடுத்துக்கொண்டு, "சுகந்தான்" என்பாள். "ரத்தப்போக்கு?" "சுகந்தான்."

இதற்கு மேல் இசாக்கா. எதிரே உட்கார்ந்திருப்பவள் சித்தப்பா மனைவியாக இருப்பாள், அல்லது அண்ணியாக. அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "கீழே தண்ணி எதுவும்... அப்படி எதுவும் இல்லையே சின்னம்மா?" என்று எறும்புகளிடம் கேட்பான். 'இல்லையே' என்று கேட்ட பிறகு எந்தச் சின்னம்மா 'இருக்கு' என்பாள்?

இதையெல்லாம் பிலோமென் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. தண்ணீர்க் குழாயடியில் தற்செயலாக அலிமத்தா நோம்ப்ரேயைத் திட்டியபோது தெரிந்துகொண்டாள்.

பிலோமென் குருன்சிக்காரி, ஊர் ரேயோ பக்கம். லெங்காரோ முழுக்கப் பிஸா. குருன்சிக்கும் பிஸாவுக்கும் கேலிமுறை. மாமன் மச்சானுக்குள் இருக்கிற கிண்டலை எடுத்து இரண்டு இனம் முழுவதற்கும் விரித்துப் போட்டால் எப்படியிருக்குமோ அப்படி. பார்த்த கணத்தில் ஒருவரை ஒருவர் அடிமை என்பார்கள். நாய்த்தலை தின்னி என்பது பிஸாக்கள் குருன்சிகளுக்குக் கொடுத்த பட்டம். கடலைக்காகப் பெண்டாட்டியையும் விட்டுவிட்டுப் போவான் என்பது குருன்சிகள் பிஸாக்களுக்குக் கொடுத்தது. கோபப்படக் கூடாது. கோபப்பட்டவன் வளர்ப்பு சரியில்லாதவன்.

அன்று காலை குழாயடியில் எட்டு மாத வயிற்றோடு நின்ற அலிமத்தாவைப் பார்த்து பிலோமென் வழக்கம்போல ஆரம்பித்தாள்.

"ஏய் கடலைத் திருடி, என்னடி ரெண்டு கன்னமும் உப்பியிருக்கு? யார் வயல்ல புடுங்கி அடக்கி வச்சிருக்கே?"

"போடி நாய்த்தின்னி. மூணு நாளா மண்டை பொளக்குது. சிரிக்க வைக்காதே, கண்ணு முன்னாடி மின்மினி பறக்குது."

பிலோமென் குடத்தைக் கீழே வைத்தாள். கன்னம் உப்பல், மண்டையிடி, மின்மினி. பிரசவத்துக்கு முன் வரும் ரத்தக் கொதிப்பின் மூன்று தூதர்களும் குழாயடிக்கே வந்து நின்றிருந்தார்கள். கால் மணி நேரத்தில் அலிமத்தா வண்டியில் படுத்திருந்தாள். அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்தார்கள். தாயும் பிள்ளையும் நலம்.

பிறகு டேப்பைத் திறந்து பார்த்தால், அன்று காலை ஏழு மணிக்கு இசாக்கா அலிமத்தாவிடம் கேள்வி கேட்டிருந்தான். பன்னிரண்டும் இல்லை. பச்சை.

"நான் சரியாத்தானேக்கா கேட்டேன்?" இசாக்காவின் முகம் விழுந்துவிட்டது.

"ரொம்பச் சரியாக் கேட்டே. அதுதான்டா பிரச்சினை."

அடுத்த மாதம் சில வீடுகளுக்கு டேப்பைத் தூக்கிக்கொண்டு அவளே போனாள். வானொலிப் பெண்ணின் வாயை அடைத்துவிட்டு, தன் வாயைத் திறந்தாள். ஐந்து சிவப்புப் புள்ளிகள் விழுந்தன. தலைநகரத்திலிருந்து உடனே பதில்: "உங்கள் கணக்கிலிருந்து வரும் தகவல்கள் மற்றவர்களிடமிருந்து பெரிதும் விலகியிருப்பதால், நீங்கள் அசாதாரணக் கேள்வியாளர் என்று குறிக்கப்பட்டு, அத்தகவல்கள் நீக்கப்பட்டுள்ளன." ஐந்து சிவப்பும் மறைந்து வரைபடம் மறுபடி கீரைப் பாத்தியாயிற்று. இதெல்லாம் நடந்த பிறகுதான் பாராட்டுக் கடிதம் வந்தது.

கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பிலோமென் சொன்னாள். "வண்டிய எடுக்க அடுத்த மாசக் கடைசியில ஒரு டாக்டர் வர்றார். அதுக்குள்ள கணக்கோட காட்டணும். ஊர்ல நோய் இருக்கு. யார் கேக்குறாங்கங்கிறதுலதான் வித்தியாசம்."

"நீங்க சொன்னா நம்பமாட்டாங்களேக்கா. நீங்கதான் அசாதாரணமாச்சே."

"அதனாலதான் குலுக்கிப் போடணும்."

ஏன் குலுக்க வேண்டும் என்று அவள் இசாக்காவுக்கு விளக்கினாள். விளக்குவது அவளுக்குக் களியும் குழம்பும் மாதிரி. "நானே ஆள் பொறுக்கினா, நோயாளியாப் பாத்துப் பொறுக்கிட்டான்னு சொல்வாங்க. கண்ண மூடிப் பாதிப் பாதியாப் பிரிச்சா, நோய் ரெண்டு பக்கமும் ஏறக்குறைய சமமா விழும். பக்கத்துப் பக்கத்து வயல்ல மழை பெய்யுற மாதிரி. அப்புறம் ஒரு பாதிகிட்ட நீ கேளு, மறுபாதிகிட்ட நான் கேக்குறேன். பதில் வேற வேறயா வந்தா, வித்தியாசம் நோய்ல இல்ல, நம்ம வாயில."

காகிதச் சீட்டு வேண்டாம் என்றாள் சலமத்தா பான்சே. அவள் பெண்கள் சங்கத்துத் தலைவி, கடலை எண்ணெய் ஆட்டுகிறவள், தோள்கள் செக்கு மாதிரி. போன தேர்தலில் காகிதச் சீட்டு என்ன பாடு பட்டது என்று ஊருக்கே தெரியும். அறுவடைக் காலம், வாசல் தோறும் கடலைக் குவியல். கடலையாலேயே குலுக்குவோம் என்று முடிவாயிற்று. பானைக்குள் ஒற்றைப் பருப்புக் கடலையும் இரட்டைப் பருப்புக் கடலையும் சரிபாதி. கையை விட்டு ஒன்றை எடுத்துப் பார்த்துத் திரும்பப் போட வேண்டும். ஒற்றை வந்தால் பிலோமென், இரட்டை வந்தால் இசாக்கா.

நாற்பத்திரண்டு பேர் எடுத்தார்கள். முப்பத்தொன்பது பேருக்கு ஒற்றை.

பிலோமென் பானையைப் பார்த்தாள். வானத்தைப் பார்த்தாள். சலமத்தாவைப் பார்த்தாள்.

"என்னடி முழிக்கிறே? பிஸாக்காரி கையில கடலையக் குடுத்துட்டு, தெரியாம எடுன்னா நடக்குற காரியமா? எங்க வெரல் ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியாக் கண்ணு இருக்கு."

"அதுக்குன்னு எல்லாரும் என்கிட்டயே வரணுமா?"

"அவன் கேட்டா தூக்கம் வருதுடி. நீ கேட்டா வேடிக்கையா இருக்கு."

இசாக்கா எழுந்து போய் வண்டியின் சக்கரத்தைத் துடைக்க ஆரம்பித்தான். ஏற்கெனவே துடைத்த சக்கரம்.

அவள் பானையைக் கவிழ்த்துவிட்டு யோசித்தாள். கடலையின் மேலோட்டைத்தான் விரல் படிக்கிறது. ஓட்டை எடுத்துவிட்டால்? உரித்த பருப்பில் சிவப்புத் தோல் ஒரு ரகம், வெள்ளைத் தோல் ஒரு ரகம். ஒரே பருமனில் பொறுக்கிப் போட்டால் எந்த விரலாலும் நிறத்தைத் தடவித் தெரிந்துகொள்ள முடியாது. பிலோமெனுக்கு இருபத்தொரு சிவப்பு, இசாக்காவுக்கு இருபத்தொரு வெள்ளை. எடுத்தது எடுத்ததுதான், திரும்பப் போடக் கூடாது. சலமத்தா முதலில் பரீட்சித்துப் பார்த்தாள். கண்ணை மூடிப் பத்து தடவை எடுத்து, ஆறு தடவை தப்பாகச் சொன்னாள். "சூனியம் வச்சிட்டா குருன்சி" என்று தோற்றதை ஒத்துக்கொண்டாள்.

இந்தத் தடவை சரியாகப் பிரிந்தது. இசாக்கா ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நிறத்தை எழுதிக்கொண்டான். எழுதிவிட்டுத் தலை நிமிர்ந்தபோது, அத்தாட்சியாக வைத்துக்கொள்ள வேண்டிய பருப்பு ஒன்றுகூட மிச்சமில்லை. எடுத்தவர்கள் அங்கேயே தின்றுவிட்டிருந்தார்கள்.

கேள்விகள் பத்து நாள் நடந்தன. கேள்வி முடிந்ததும், பதில் எதுவானாலும், சுகாதார நிலையத்திலிருந்த பழைய கைப்பம்பு அளவியால் எல்லோருக்கும் பிரஷர் பார்த்தார்கள். அது யாரிடமும் அனுமதி கேட்காத கருவி. கையில் துணிப்பட்டையைச் சுற்றி, ரத்தம் நிற்கும் மட்டும் காற்றடித்து, பிறகு மெல்லக் காற்றை விட வேண்டும். அடைபட்ட ரத்தம் இடுக்கு வழியாகப் பீறிடும்போது காதில் முதல் 'டொக்' கேட்கும். அது மேல் எண். வழி முழுக்கத் திறந்து ரத்தம் சத்தமில்லாமல் ஓட ஆரம்பிக்கிற இடம் கீழ் எண். இசாக்கா கேட்டவர்களுக்கு பிலோமென் பட்டை கட்டினாள். பிலோமென் கேட்டவர்களுக்கு இசாக்கா கட்டினான். தன் கணக்குக்கு யாரும் தானே மார்க் போட்டுக்கொள்ள முடியாது.

முடிவை அவள் ஒரு நோட்டுத் தாளில் நான்கே எண்களாக எழுதினாள். இசாக்காவிடம் 'ஆமாம்' சொன்னவர்கள்: பூஜ்யம். பிலோமெனிடம் சொன்னவர்கள்: எட்டு. பிரஷர் ஏறியிருந்தவர்கள்: இசாக்கா பக்கம் நான்கு, பிலோமென் பக்கம் ஐந்து. நோய் ஏறக்குறைய சமமாகத்தான் பெய்திருந்தது. உண்மைதான் ஒரு வயலில் மட்டும் பெய்திருந்தது.

அந்தப் பத்து நாளில் வண்டி ஆறு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தது. தலைநகரத்துச் சுவரில் லெங்காரோ பச்சையாகவே இருந்தது.

டாக்டர் மாதக் கடைசிச் செவ்வாய்க்கிழமை வந்தார். பின்னால் வெறும் தளம் உள்ள பிக்கப் வண்டி, மூன்று சக்கரத்தை ஏற்றிக் கட்டக் கயிறு, ஓட்டுநர் ஒருவர். டாக்டர் ஐம்பது வயது இருக்கலாம், இஸ்திரி கலையாத சட்டை. சட்டையில் குத்தியிருந்த அட்டையில் 'டாக்டர் ஜே. என்.' என்று மட்டும் இருந்தது.

நோட்டுத் தாளை அவர் நிதானமாகவே படித்தார். அதற்காக அவரைப் பாராட்ட வேண்டும்.

"குலுக்கலுக்கு அத்தாட்சி இருக்கா?"

"பேர் எழுதின நோட்டு இருக்கு," என்றாள் பிலோமென்.

"மூலம்? குலுக்கின சீட்டு?"

பிலோமென் இசாக்காவைப் பார்த்தாள். இசாக்கா தரையைப் பார்த்தான். "சீரணமாயிடுச்சு டாக்டர்," என்றான் எறும்புகளிடம்.

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இங்க பாருங்க. உங்க ஆர்வம் எனக்குப் புரியுது. ஆனா திட்டுறதையெல்லாம் ஒரு முறைன்னு அறிக்கையில எப்படி எழுதுறது? நோயாளியை அவமானப்படுத்தினோம், நல்ல தகவல் கிடைச்சுதுன்னா? இந்தச் செயலிய ஏழு நாட்டுல சோதிச்சிருக்காங்க."

"ஏழு நாட்டுலயும் சுகந்தான்னு சொல்லியிருப்பாங்க."

"நானே ஒருத்தர்கிட்ட கேக்குறேன். வரச் சொல்லுங்க."

ரஸ்மத்தா கெரே வந்தாள். ஏழு மாதம். இசாக்காவின் பாதியில் இருந்தவள், அப்போது அளந்தபோது பிரஷர் ஒழுங்காகத்தான் இருந்தது. டாக்டர் டேப்பை மடியில் வைத்துக்கொண்டார். வானொலிப் பெண் பாடினாள். ரஸ்மத்தா, தலைநகரத்து டாக்டர் முன்னால் முழங்காலை மடக்கி, கண்ணைத் தாழ்த்தி, பன்னிரண்டு தடவை "சுகந்தான்" என்றாள். பச்சை.

"பாத்தீங்களா?" என்றார் டாக்டர். பரிவாகத்தான் சொன்னார். அதுதான் பிலோமெனுக்குத் தாங்கவில்லை. அவள் வாயைத் திறப்பதற்குள் வாசலிலிருந்து ஓட்டுநர் கத்தினார்.

"நெபியே சார்! வண்டிய ஏத்திக் கட்டிரலாமா?"

முற்றத்தில் கடலை உரித்துக்கொண்டிருந்த பெண்கள் கூட்டத்தில் உரிக்கிற சத்தம் நின்றது.

"என்ன பேர் சொன்னான்?" என்றாள் சலமத்தா.

டாக்டர் அட்டையைக் கையால் மூடினார். காலம் கடந்துவிட்டது.

"நெபியேவா? குருன்சியா?" சலமத்தா எழுந்து நின்றாள். "அடிமைப் பயலே, எஜமானிங்க வீட்டுக்கு வந்துட்டு, பேர மறைச்சு நாற்காலியில உக்காந்திருக்கியா? எங்க வண்டிய வேற தூக்கிட்டுப் போகப் பாக்குறியா? புடுங்குங்கடி சாவிய!"

இமைக்கிற நேரத்தில் சாவி வண்டியிலிருந்து சலமத்தாவின் தலைத்துணி முடிச்சுக்குள் போயிற்று. மூன்று பெண்கள் ஆம்புலன்ஸ் மெத்தையில் ஏறிக் காலை நீட்டி உட்கார்ந்தார்கள். ஒருத்தி டாக்டரின் நாற்காலியை உருவ, அவர் எழுந்து நிற்க, இன்னொருத்தி அவர் கையில் ஒரு முறம் கடலையைக் கொடுத்தாள். "உரி. உரிச்சு முடிச்சாத்தான் விடுதலை. திங்கக் கூடாது."

டாக்டருக்குக் கோபப்பட வழியில்லை. கோபப்பட்டால் சேதி அவருடைய அப்பா ஊர் வரை போகும். அவர் பிலோமெனைப் பார்த்தார்.

"நீங்களும் நம்ம ஆள்தானே? ஏதாவது சொல்லக் கூடாதா?"

"நானே மூணு வருஷமா இங்க பிணைக்கைதி டாக்டர்."

"அதனாலதாங்க அட்டையில பேரே போடல," என்று முணுமுணுத்தார். "போன தடவை இந்தப் பக்கம் வந்தப்போ என் செருப்பக் கழட்டி எடுத்துட்டுப் போயிட்டாளுங்க. வாகாடூகு வரைக்கும் வெறுங்காலோட போனேன்." உதட்டோரம் ஏதோ நெளிந்தது. அவர் தரையில் உட்கார்ந்து கடலை உரிக்க ஆரம்பித்தார். மோசமாக உரித்தார்.

பிலோமென் சலமத்தாவின் பக்கத்தில் போய்க் குனிந்தாள். "மீட்புப் பொருளா நான் சொல்றதக் கேளு. கடலை வேணாம். அந்தப் பன்னிரண்டு கேள்வியையும் ரஸ்மத்தாகிட்ட இவர் மறுபடி கேக்கணும். கேலிமுறைப்படி, நம்ம வீட்டு வாயால."

டாக்டர் காதில் அது விழுந்தது. "அதெல்லாம் முறை இல்ல," என்றார்.

"முறையா? உரிச்சத எண்ணுங்கடி," என்றாள் சலமத்தா. "ஏழே ஏழு. பொழுது சாயுற வரைக்கும் இங்கதான் இருப்பே போல."

டாக்டர் பெருமூச்சு விட்டார். டேப்பை எடுத்தார். வானொலிப் பெண்ணை அணைத்தார். ரஸ்மத்தாவைப் பார்த்தார். எத்தனை வருடமாகவோ பெட்டியில் மடித்து வைத்திருந்ததை எடுப்பது போல, கொஞ்சம் துரு ஏறிய குரலில் தொடங்கினார்.

"ஏ... கடலை மூட்டை. என்னமோ சுகம் சுகம்னு பன்னிரண்டு தரம் ஊளையிட்டியே. சுகமா இருக்குறவ ஏண்டி தூணப் புடிச்சுக்கிட்டு நிக்கிறே? தூண் விழுந்துருமா?"

பெண்கள் ஓவென்று சிரித்தார்கள். ரஸ்மத்தாவும் சிரித்தாள். இந்தத் தடவை கண்ணைத் தாழ்த்தவில்லை.

"போடா நாய்த்தின்னி. நீ ரெண்டு பேராத் தெரியுறே, ஒருத்தனப் பாக்கவே சகிக்கல. அதான் தூணப் புடிச்சேன்."

"ரெண்டாத் தெரியுறேனா? எப்பலேர்ந்து?"

"நேத்துலேர்ந்து. இங்க வேற," மார்புக்குக் கீழே காட்டினாள், "உலக்கையால குத்துற மாதிரி. உன் மூஞ்சியப் பாத்ததுனாலயா இருக்கும்."

டாக்டர் சிரிக்கவில்லை. 'ஆமாம்' என்று அழுத்தினார். செத்த பல்லி உயிர் பெற்று உர்ரென்றது. நூற்று அறுபத்தெட்டு, கீழே நூற்றுப் பன்னிரண்டு. மறு கையில் கட்டிப் பார்த்தார். நூற்று அறுபத்தாறு, நூற்றுப் பன்னிரண்டு.

அவர் கையை நீட்டினார். "சாவி."

சலமத்தா தலைத்துணி முடிச்சை அவிழ்த்தாள். மெத்தையில் இருந்தவர்கள் ஏற்கெனவே இறங்கிவிட்டிருந்தார்கள். பிலோமென் வலிப்பு வராமலிருக்க இரண்டு பிட்டத்திலும் ஊசி போட்டு, ரஸ்மத்தாவை இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்தாள். பிக்கப்பின் பின்னால் வெறும் இரும்புத் தளம், வலிப்பு வரப்போகிறவளைப் படுக்க வைக்கிற இடமில்லை. இசாக்கா மூன்று சக்கரத்தைக் கிளப்பினான். பிலோமென் தலைமாட்டில் ஏறினாள். டாக்டர், யாரும் கூப்பிடாமலே, கால்மாட்டில் ஏறினார்.

இருபத்திரண்டு கிலோமீட்டரும் அவர்கள் பேசிக்கொண்டே போனார்கள். பேசினார்கள் என்பதைவிட, பள்ளங்களுக்கு நடுவே கத்தினார்கள்.

"ஒத்துக்குறேன்! ஆனா ஊருக்கு ஊர் குருன்சிய எங்கே போய்த் தேடுறது?"

"தேட வேணாம் டாக்டர்! திட்டுறது மருந்தில்ல! கேள்வி பழுதுன்னு காட்டத்தான் திட்டுனோம்! பட்டையக் கேள்விக்குப் பின்னால பூட்டி வச்சிருக்கீங்க, அதைத் தூக்கி முன்னால வைங்க! கை பொய் சொல்லாது! அளந்துட்டு, தண்ணி குடிச்சிட்டு, அப்புறம் கேளுங்க! வணக்கம் முடிஞ்சிருக்கும்!"

"பேட்டரி சீக்கிரம் தீந்துருமே!"

"வெயிலுக்கா பஞ்சம்? கூரையில ஒரு சோலார் தகடு வைங்க!"

"மத்த ஊர்ல வேற பழுது இருந்தா?"

"அந்தந்த ஊர்க்காரங்ககிட்ட விடுங்க, அவங்க கண்டுபிடிப்பாங்க! எங்களுக்கு ஒரு பானைக் கடலைதான் செலவாச்சு!"

"ரெண்டு பேரும் வாய மூடுங்க," என்றாள் ரஸ்மத்தா கண்ணைத் திறக்காமல். "குருன்சிங்க நடுவுல படுத்துச் சாகுற கேவலம் எனக்கு வேணாம்."

அவள் சாகவில்லை. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் இரண்டு மணி நேரம் காத்திருந்த பிறகு, ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல், எலிக்குஞ்சு மாதிரி ஒரு பெண் பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டினார்கள். அழுத அழுகை மட்டும் மூன்று கிலோவுக்கு இருந்தது. தாய் தூங்குகிறாள், பிரஷர் இறங்கிக்கொண்டிருக்கிறது என்றார்கள்.

அந்த இரண்டு மணி நேரத்தில் டாக்டர் டேப்பை நோண்டிக்கொண்டிருந்தார். அமைப்புகள், அதற்குள் கூடுதல் அமைப்புகள், அதற்கும் உள்ளே அவருடைய ரகசிய எண்ணுக்கு மட்டும் திறக்கிற ஒரு பக்கம். நடுவில் ஒரு சின்னக் கட்டம்: 'முதலில் அளவு, பிறகு கேள்வி'. கட்டம் காலியாக இருந்தது. அவர் அதைத் தொட்டார். டிக் விழுந்தது. அவ்வளவுதான்.

"இது முதல் நாள்லேர்ந்து இங்கதான் இருந்திருக்கு," என்றார்.

பிலோமெனுக்குச் சொல்வதற்கு நிறைய இருந்தது. குருன்சி குருன்சியைத் திட்ட முறையில்லை என்பதால் பேசாமல் இருந்தாள்.

அடுத்த மாதம் லெங்காரோவில் எல்லோருக்கும் முதலில் கையில் பட்டை ஏறியது. ஒன்பது சிவப்பு. கேட்டவன் இசாக்கா, எறும்புகளிடம்தான் கேட்டான், ஆனாலும் ஒன்பது. நீக்க முடியாதபடி அறிக்கையில் டாக்டரின் பெயர் முழுதாக எழுதியிருந்தது, நெபியே என்று. மாகாணத்து வரைபடத்திலேயே நோய் அதிகமுள்ள ஊர் என்று லெங்காரோவைக் குறித்தார்கள். வண்டி இடத்தைவிட்டு அசையவில்லை.

மேயருக்கு மானம் போய்விட்டது. சுகாதார நிலையத்துக்கே வந்து இடுப்பில் கை வைத்து நின்றார். "பக்கத்து ஊரெல்லாம் பச்சையா இருக்கு, நாம மட்டும் புண்ணு மாதிரிச் சிவந்து கிடக்கோம். என்னம்மா இது?"

அவர் போன மறுநாள் பக்கத்து ஊர்க்காரர்கள் நாலு பேர் சைக்கிளில் வந்தார்கள். வாசலில் வணக்கம் சொன்னார்கள். எல்லாம் சுகந்தான். இசாக்கா கொடுத்த தண்ணீரைக் குடித்தார்கள். சுரைக்குடுவையைக் கீழே வைத்தார்கள்.

"சரி, என்ன சேதி?" என்றான் இசாக்கா.

அவர்களில் பெரியவர் தொண்டையைச் செருமினார். "எங்க ஊருக்கும் வண்டி வேணும் தம்பி. சிவப்பு வரணும்னா நாங்க என்ன பண்ணணும்?"

உள்ளேயிருந்து பிலோமென் பழைய கைப்பம்பு அளவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஒண்ணும் பண்ண வேணாம்," என்றாள். "பொண்ணுங்களக் கூட்டிட்டு வாங்க. கைய நீட்டினாப் போதும்."